தேவசகாயத்தின் ஐந்தாவது அறிவிப்பு

பன்னீர்க்கோட்டை பஸ் நிலையத்தின் குழாய் ஒலிபெருக்கி, எட்டு வருஷத்துக்கு முன்பே எலி கடித்து ஒயர் அறுந்துபோய், அதற்கப்புறம் யாராலும் கவனிக்கப்படாமல் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குழாய், டைம் கீப்பர் தேவசகாயம் இறந்துபோன பதினேழாவது நாள், முற்பகல் பதினொன்று பத்துக்கு, அவர் உயிரோடிருந்தபோது செய்கிற மாதிரியே இரண்டு தடவை இருமித் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, பேசியது.

“பயணிகளின் கவனத்துக்கு. ஏழுகடல் மோட்டார் சர்வீஸ் இன்னும் ஏழு வருஷத்தில் விழும். விழுந்த பிறகு இந்தச் சீமையில் எல்லோரும் முப்பது வருஷம் நடப்பீர்கள். நான் சொல்கிறபடி கேட்டால் மூன்று வருஷத்தோடு நடை முடியும். அடுத்த அறிவிப்பு, மாசி பத்தாம் தேதி, இதே நேரம். நன்றி.”

யாரும் டீ கிளாஸைக் கீழே போடவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு போடாத மனுஷர், செத்துப்போனதை ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டு வேலைக்கு வராமல் இருந்துவிடுவார் என்று ஊரில் யாரும் உண்மையில் நம்பியிருக்கவில்லை. இந்தப் பதினேழு நாள் எங்கே போயிருந்தார் என்பதுதான் சிலருக்குக் குறையாக இருந்தது. கொய்யாப்பழ வண்டிக்காரர் ஒருவர் மட்டும், “எல்லாம் சொன்னாரு, சங்கரன்கோவில் வண்டி எந்தப் பக்கம் நிக்கும்னு சொல்லலையே” என்று சலித்துக்கொண்டார்.

ஏழுகடல் மோட்டார் சர்வீஸ் சாமானியக் கம்பெனி இல்லை. அந்தப் பக்கம் எந்தத் திசையில் போனாலும் நாள் முழுக்கப் போனால்தான் கடல் என்றாலும், அதைத் தொடங்கிய பெரிய முதலாளிக்குக் கடல் பார்க்கும் ஆசை இருந்து கடைசிவரை நேரம் கிடைக்காமல் போனதால், ஆசையை வண்டி நெற்றியில் எழுதிவிட்டார். அவர் காலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகள், எழுபத்துமூன்று தடங்கள். ஏழுகடல் வண்டி போகாத ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், ஏழுகடல் வண்டி ஹாரன் கேட்டுத்தான் பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பார்கள், முதலாளி தும்மினால் மூன்று தாலுகாவில் டிரைவர்கள் பிரேக்கை மிதிப்பார்கள் என்று பேச்சு. அவருடைய பேரன் காலத்துக்கு வந்தபோது வண்டி எண்பதாகிவிட்டது, சின்ன முதலாளி சீட்டுகளுக்கு வெல்வெட் உறை மாற்றிக்கொண்டே இருந்தார், என்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாமல் போயிருந்தது.

ஷெட்டில் வேலை தெரிந்த கடைசி மேஸ்திரி காலமானபோது, அவரிடம் கற்றவர்களுக்கு அவர் கை போன வரிசைதான் ஞாபகத்தில் தங்கியது, காரணம் தங்கவில்லை. டீசல் பம்பை மூன்று தட்டுத் தட்டுவார், கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போன தன் மச்சினனை மூன்று தடவை வைவார், பிறகு எதையோ முறுக்குவார். ஆகவே இவர்களும் மூன்று தட்டுத் தட்டி, முன்பின் பார்த்திராத அந்த மச்சினனை மூன்று தடவை பக்தியோடு வைது, கற்பூரம் காட்டினார்கள். வண்டி கிளம்பினால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், கிளம்பாவிட்டால் வைததில் உச்சரிப்பு சரியில்லை என்றார்கள்.

இதையெல்லாம் பஸ் நிலையத்து மாடியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் தேவசகாயம். ஒவ்வொரு வண்டியும் வந்த நேரம், போன நேரம், கண்டக்டர் கொண்டுவந்து கொடுக்கிற சீட்டிலிருந்து எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதி எழுதி, எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்த்து, அவர் ஒரு சாஸ்திரத்தையே கண்டுபிடித்துவிட்டார். “ஒரு ஆளு நாளைக்குப் பஸ் ஏறுவானா மாட்டானாங்கிறது அந்த ஆளுக்கே தெரியாது. பத்தாயிரம் பேரு என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும்” என்பார். அவர் சொன்னபோது சிரித்தார்கள். அவர் செத்த பிறகு சொன்னபோது நாற்காலி போட்டுக் கேட்டார்கள்.

மாசி பத்தாம் தேதி அவர், டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், ஒன்பதாம் நாள் அலுத்துப்போய் அவர்களாகவே திரும்புவார்கள் என்றார். செய்தார்கள், அலுத்தார்கள், திரும்பினார்கள். மூன்றாவது அறிவிப்பில், ஷேர் ஆட்டோக்காரர்கள் வருவார்கள், சண்டைக்குப் போகாதீர்கள், ஓரத்துத் தடங்களை விட்டுக்கொடுத்து நடுவைக் காப்பாற்றுங்கள் என்றார், வந்தார்கள், விட்டுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஊர் தன்னை அவருக்கு வசதியாக ஒழுங்குபடுத்திக்கொண்டது. அறிவிப்பு நாளன்று பள்ளிகளுக்கு அரைநாள் விடுமுறை, பந்தல், குழாய்க்கு ரோஜாமாலை, பதினொன்று பத்துக்குப் பிறந்த பிள்ளைகளுக்குச் சகாயம் என்று பெயர். மேனேஜர் பரமானந்தம் தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து, முப்பது வருஷம் நடந்து களைத்த பிறகு வரப்போகும் சந்ததி மறுபடி வண்டி விட உதவியாக இருக்கட்டுமென்று, எல்லாத் தடங்களின் எல்லா வளைவு, எல்லாப் பள்ளம், எங்கே ஹாரன் அடிப்பது என்பதையெல்லாம் ‘ஏழுகடல் மகாகோசம்’ என்ற பெரும் புத்தகமாக எழுதத் தொடங்கியது. மூன்று வருஷத்தில் முதல் தடத்தின் மூன்றாம் நிறுத்தம் வரை வந்து, அங்கேயிருந்த வேப்பமரம் சாலைக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் கமிட்டி இரண்டாகப் பிளந்து நின்றது. மரத்தை வெட்டி வெகுநாளாகிவிட்டதால் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

தேவசகாயத்தை நம்பியவர்களிலேயே அறிவோடு நம்பியவள் முத்துப்பேச்சி. கருங்காலிப்பட்டியில், அதாவது நாற்பத்தொன்றாம் தடத்தின் கடைசி நிறுத்தத்தில், அதற்கப்பால் ஏழுகடல் என்ற பெயரே எட்டாத எல்லையில், மல்லிகை கட்டி விற்கிற குருவம்மாளின் மகள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் முதுகலை இரண்டாம் வருஷம். வகுப்பில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது, ஜெயித்ததாக நினைத்தவர்கள் உண்டு. “இறந்தவர் தரும் தரவை ஏற்க முடியாது” என்று பேராசிரியர் சொன்னபோது, “உயிரோட இருக்கறவங்க தர்ற தரவு மட்டும் என்ன வாழுதாம் சார்” என்று எழுந்து நின்று, நாற்பது நிமிஷம் உட்காரவில்லை. தேவசகாயத்தின் சாஸ்திரம்தான் அவள் ஆய்வேடு. மூன்றாவது அறிவிப்புக்கு அப்புறம், எந்தத் தடங்களை விடலாம் என்று அழகாக வரைபடம் போட்டு, இருபத்தொன்பதையும் முப்பத்தாறையும் சிவப்பு மையால் அடித்து, ‘தவிர்க்க முடியாத இழப்பு’ என்று தலைப்புக் கொடுத்துப் பஸ் நிலையத்தில் ஒட்டியவளும் அவள்தான்.

தினமும் காலை நாற்பத்தொன்றில்தான் வருவாள், புத்தகங்களை ஒரு மூங்கில் கூடையில் வைத்துக்கொண்டு. கூடைக்குக் காரணம் உண்டு. பூவும் கீரையும் கொண்டுபோகிற பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம், கூடைக்கு மட்டும் லக்கேஜ் சீட்டுப் போதும் என்பது பெரிய முதலாளி வைத்துவிட்டுப்போன தருமம். விற்க ஒன்றுமில்லாதவர்களும் கூடையோடுதான் ஏறினார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் கூடை, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடை, பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் கூடை.

நாலாவது அறிவிப்பன்று பேச்சி பந்தலில் முன்வரிசையில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள்.

“பயணிகளின் கவனத்துக்கு. தடம் நாற்பத்தொன்று ஆடி முதல் தேதியோடு நிற்கும். நிறுத்துவதே நல்லது. எதிர்ப்பு இராது. எதிர்க்க ஆள் இல்லை. அத்தடத்தில் போகிறவர்கள் ஒரு நடைக்குப் பதினோரு பேர். அடுத்த அறிவிப்பு, தை பன்னிரண்டு. நன்றி.”

பேச்சி பதினொன்று என்று எழுதினாள். எழுதிவிட்டு அதைப் பார்த்தாள். அன்று காலை அவள் வந்த வண்டியில் ஒரு கால் படியிலும் ஒரு கால் யாருடைய காலின் மேலேயோ இருந்தது. மூச்சுவிட முகத்தைத் திருப்பினால் யாருடைய அக்குளிலோ மூக்கு இடித்தது. பதினோரு பேராம். அந்த வண்டி நின்றால் பத்தொன்பது கிலோமீட்டருக்கு வேறு வண்டி கிடையாது. எட்டு மணிக்குள் சந்தைக்கு வராத மல்லிகை மலர்ந்துபோய் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அம்மாவின் பிழைப்பும் போகும், இவள் படிப்பும் போகும்.

நேரே மாடியில் பரமானந்தத்திடம் போய், தேவசகாயத்தின் நோட்டைக் கேட்டாள்.

“அண்ணாச்சி நோட்டைத் தொடணும்னா கால் கழுவிட்டு வரணும் பாப்பா.”

“கால்லயா புரட்டப் போறேன்? குடுங்க.”

நோட்டில் ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்றின் மேலே ‘தலை’, மற்றதன் மேலே ‘சுமை’. நாற்பத்தொன்றுக்கு நேரே தலை பதினொன்று, சுமை ஐம்பத்திரண்டு.

“சுமைன்னா என்ன?”

“லக்கேஜ்தான். கூடை, சாக்கு, கோழிக்குஞ்சு. அத எதுக்குக் கணக்குல சேக்கணும்? கோழிக்குஞ்சு என்ன சாம்ராஜ்யத்தையா கவுக்கப் போகுது.”

“இன்னைக்குக் காலையில நான் எந்த வண்டியில வந்தேன் அண்ணாச்சி?”

“நாப்பத்தொண்ணுல.”

“தலையில வந்தேனா, சுமையில வந்தேனா?”

பரமானந்தம் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அவள் இடுப்பிலிருந்த கூடையைப் பார்த்தார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை.

“சுமையிலதான். ஆனா அது மரியாதைக்குறைவு இல்ல பாப்பா. பெரிய முதலாளி தருமம்.”

“அஞ்சு வருஷமா இந்த மனுஷனுக்காக வாத்தியாருங்ககிட்ட மல்லுக்கு நிக்கிறேன். இவரு நோட்டுல நான் கூடையா இருந்திருக்கேன்.” அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எழுபத்துமூன்று தடத்திலும் அப்படித்தான். சுமை தலையைவிட அதிகமாகவே இருந்தது. “பாதிக்கு மேல ஆளுகள விட்டுட்டு என்ன சாஸ்திரம் இது?”

“அப்ப முன்ன சொன்னது எல்லாம் எப்படிப் பலிச்சுது?” என்றார் பரமானந்தம். நியாயமான கேள்விதான்.

“ஸ்டிரைக் பண்ணது யாரு? ஆம்பளைங்க. ஆட்டோ ஓட்டுறது யாரு? ஆம்பளைங்க. ஆம்பளைங்க கோவிச்சுட்டுப் போயி ஒன்பதாம் நாள் அவங்களாவே திரும்பி வருவாங்கன்னு சொல்ல ஒரு மனுஷன் செத்து வரணுமா அண்ணாச்சி? எங்கம்மா பூக்கட்டிக்கிட்டே சொல்லுவா.”

கமிட்டி கூடியது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம், மகாகோசத்தில் நாற்பத்தொன்றாம் தடம் வரும்போது அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம், உத்தேசமாக அறுபது வருஷத்தில் வரும் என்று தீர்மானித்தது. சின்ன முதலாளி வெல்வெட் நாற்காலியில் சாய்ந்தபடி இன்னும் தாராளமாகப் பேசினார்: “எண்ணுவோம்மா, தாராளமா எண்ணுவோம். ஆனா ஒண்ணு. தலையில சேத்தா தலைக்கு டிக்கெட்டு. எல்லாத் தடத்துலயும் பொம்பளைங்ககிட்டக் கேட்டுட்டு வந்து சொல்லு.”

பேச்சி கேட்கத் தேவையே இல்லை என்று நினைத்தாள். கணக்கில் வருவதா, விடுபட்டுப்போவதா என்று கேட்டால், விடுபட்டுப்போகிறேன் என்று எவள் சொல்வாள்?

“நான் சொல்லுவேன்” என்றாள் குருவம்மா. மறுநாள் காலை வண்டியில், மடியில் பூவைக் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள். வண்டி எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அவள் முடிச்சு மட்டும் விழ வேண்டிய இடத்தில் விழும். “உன்னைய எவடி போயி எண்ணச் சொல்லச் சொன்னா?”

“நம்மள மனுஷின்னு எழுதவே இல்லம்மா. கூடைன்னு எழுதியிருக்காங்க.”

“எழுதிட்டுப் போகட்டுமே. அந்தத் தேவசகாயம் அண்ணாச்சி, ஊர்ல உள்ள ஆம்பளைக அத்தனை பேரும் எந்த வருசம் என்ன செய்வாகன்னு சொல்லிப்புட்டாரு. அவுகளும் தப்பாம அதையே செஞ்சுட்டு வர்றாக, பாவம். நம்ம நாளைக்கு என்ன செய்வோம்னு எவனுக்காச்சும் தெரியுதா? எண்ணிப்புட்டா அந்தக் கொழாயில நம்ம பேரும் வரும். பெறகு குருவம்மா தை மாசம் இன்னாரோட சண்டை போடுவான்னு சொல்லுவாரு, நானும் போயிப் போடணும். எனக்கு ஆகாது.”

“எண்ணலேன்னா வண்டி நிக்கும்மா.”

“நிக்கட்டும்னு சொன்னேனா? எண்ணவும் கூடாது, நிக்கவும் கூடாது. அதுக்கு வழி சொல்லு. படிச்சவதானே.”

பின்சீட்டிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. செல்லக்கிளி, இருபத்தொன்பதாம் தடம் நின்றதிலிருந்து ஆறு கிலோமீட்டர் நடந்துவந்து இந்த வண்டியைப் பிடிக்கிறவள், சொந்தமாக டிராக்டர் ஓட்டுகிறவள், எதையும் கேட்கிற அளவுக்குக் குரல் உள்ளவள்.

“அவ சொல்லுவா மதினி. எங்க ரூட்டு நின்னப்பப் படம் வரைஞ்சு ஒட்டுனவ அவதானே. செவப்பு மையில ஒரே கோடு, எங்க ஊரு போச்சு. இப்ப அவ ஊருன்னதும் கணக்குல தப்பு இருக்குதாம்ல.”

வண்டி முழுக்கப் பேச்சியைப் பார்த்தது.

“தப்புதான் அக்கா” என்றாள்.

“நீ தப்புன்னு சொல்லிட்டா ஆறு கிலோமீட்டர் அஞ்சாயிருமா? போகட்டும், விடு. என்ன செய்யணும், அதச் சொல்லு.”

பேச்சி யோசித்தாள். தேவசகாயம் சொன்னதை ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தாள். எதிர்ப்பு இராது என்றார், எதிர்க்க ஆள் இல்லை என்றார். ஆள்தானே இல்லை. கூடைகள் என்ன செய்யும் என்று அவர் சொல்லவே இல்லை.

“எறங்காம இருப்போம்” என்றாள்.

ஆடி முதல் தேதி காலை நாற்பத்தொன்று பன்னீர்க்கோட்டைக்கு வந்தது. பதினோரு ஆண்கள் இறங்கினார்கள், எப்போதும்போல வரிசையாக, யாரோ எழுதிவைத்ததைச் செய்கிறவர்கள் மாதிரி. பெண்கள் இறங்கவில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோக வந்த டிரைவர் ஏறிப் பார்த்தார், ஸ்டியரிங் வரை வழி இல்லை, இறங்கிவிட்டார். எட்டு மணிக்குப் பூ வாங்குகிறவர்கள் சந்தையில் பூக்காரிகளைத் தேடிக் காணாமல் ஜன்னலுக்கு வந்தார்கள். பத்து மணிக்குக் கீரை வாங்குகிறவர்களும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஜன்னலுக்கு ஜன்னல் வியாபாரம் பிரிந்து, மூன்றாம் ஜன்னலில் மல்லிகை, ஐந்தாம் ஜன்னலில் கத்திரிக்காய், ஏழாம் ஜன்னலில் பேச்சி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் நாள் தபால்காரர், ‘குருவம்மா, மூன்றாம் ஜன்னல்’ என்று எழுதிய கடிதத்தைத் தயங்காமல் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்தொன்பதாம் தடத்து ஊர்களிலிருந்து சோற்றுச் சட்டிகளும் அன்றன்றைய பூவும் காயும் நடந்து வந்தன. மூன்றாம் நாள் சப்-இன்ஸ்பெக்டர் ஏறி, கம்பெனிப் பதிவேட்டை வரவழைத்து, ஒத்துப் பார்த்து, இறங்கினார். பதிவேட்டின்படி வண்டிக்குள் பயணிகள் யாரும் இல்லை, ஐம்பத்திரண்டு உருப்படி லக்கேஜ் மட்டுமே உள்ளது, லக்கேஜ் இறங்க மறுத்தால் அதன் பேரில் வழக்குப் போடச் சட்டத்தில் பிரிவு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகிற போக்கில் ஐந்தாம் ஜன்னலில் அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்கினார்.

நாலாம் நாள் சின்ன முதலாளியே வந்தார், பரமானந்தத்தையும் கூட்டிக்கொண்டு. அறிவிப்பு பொய்யாகிவிட்டால் எஞ்சியிருக்கும் தடங்களையும் கட்டிக்காக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெல்வெட்டைப் போல அறிவிப்பும் அவருக்கு ஓர் உறை.

“அறிவிப்புப்படி இந்தத் தடம் நின்னாச்சு” என்றார். “நின்ன தடத்துக்கு நான் டிரைவர் போட முடியாது, டீசல் போட முடியாது, நேரம் போட முடியாது.”

“வேண்டாம். வண்டி?” என்றாள் பேச்சி.

“நின்ன தடத்துக்கு வண்டி ஏது? பதிவேட்டுல அடிச்சாச்சு. அப்படி ஒரு வண்டியே இல்ல.”

“அப்ப இல்லாத வண்டிய நாங்க ஓட்டிக்கிட்டா உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?”

சின்ன முதலாளி வாயைத் திறந்தார். ஆட்சேபித்தால் வண்டி இருக்கிறது என்றாகும். மூடிக்கொண்டார். பரமானந்தம் மட்டும் குனிந்து, “ஓட்டத் தெரிஞ்சவங்க இருக்காங்களா பாப்பா?” என்று அக்கறையாகக் கேட்டார்.

செல்லக்கிளி சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு என்ஜின் மூடியைத் திறந்தாள். டீசல் பம்பின் மேல் பத்து வருஷத்து விபூதியும் குங்குமமும் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அதைத் தேங்காய் துருவுகிற மாதிரி சுரண்டி எடுத்து, டிராக்டருக்குப் போடுகிற ஸ்பானரைப் போட்டு முறுக்கி, ஊதி, சாவியைத் திருப்பினாள். ஒருத்தர் மச்சினனையும் வையாமல் வண்டி கிளம்பியது. ஷெட்டு மெக்கானிக்குகள் நாலு பேர் தூரத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அந்த வண்டிக்கு ஊரில் ‘நின்ன வண்டி’ என்று பெயர். “நின்ன வண்டி போயிருச்சா?” “இப்பத்தானே போச்சு, ஓடுனாப் பிடிக்கலாம்” என்று பேசிக்கொள்வதில் யாருக்கும் ஒரு முரணும் தெரியவில்லை. கருங்காலிப்பட்டியோடு திரும்பாமல் செல்லக்கிளி ஊர்வரைக்கும் போனது; முப்பத்தாறாம் தடத்துக்காரிகள் ஒருநாள் சாலையில் கைகாட்ட, அந்தப் பக்கமும் வளைந்தது. டீசலுக்கு ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவந்தார்கள்; எத்தனை பேர் என்று மட்டும் எண்ணக் கூடாதென்று குருவம்மா சொல்லிவிட்டாள்.

ஆனால் பேச்சி எண்ணினாள். எண்ணாமல் இருக்க மட்டும் அவளால் முடியவில்லை. ஆடியிலிருந்து மார்கழிவரை, தினம் ஒரு தடமாக, ஓடுகிற எல்லாத் தடங்களிலும் ஏறி இறங்கி, தலை சுமை என்ற பத்திகள் இல்லாத ஒரு புது நோட்டில், அம்மாவுக்குத் தெரியாமல், ஒருவர் விடாமல் எழுதினாள். வண்டி ஓடினால் போதுமா? தப்புச் செய்தவர் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டாமா? தை பன்னிரண்டன்று குழாய்க்குக் கீழே நின்று, ஊர் கேட்க அந்த எண்ணைச் சொல்லி, செத்தவரையே திருத்தவைக்கப் போகிறாள். அதற்காகப் பேச்சைக்கூடத் தயாரித்துவைத்திருந்தாள். ஏழு வாதங்கள், நாலு உட்பிரிவுகள்.

தை பன்னிரண்டு. பந்தல், மாலை, அரைநாள் விடுமுறை. குழாய் இரண்டு தடவை இருமியது.

“பயணிகளின் கவனத்துக்கு. நாற்பத்தொன்றாம் தடம் நின்றது முதல் நிலைமை சீராக உள்ளது. அத்தடத்துக் கிராமங்கள் மெல்லக் காலியாகிவருகின்றன. யாரும் வருந்தவில்லை. பஸ் நிலையத்தில் இப்போது அமைதி…”

நின்ன வண்டி ஹாரனை அடித்துக்கொண்டு உள்ளே வந்து, குழாய்க்கு நேர் கீழே, கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நின்றது.

குழாய் நின்றுபோயிற்று. பிறகு, ஊரில் யாரும் கேட்டிராத மூன்றாவது இருமல் ஒன்று கேட்டது. உள்ளே தாள் புரள்கிற சத்தம், வேகவேகமாக.

“ஒரு நிமிஷம்” என்றது, அறிவிப்புக் குரலில் இல்லை, கண்ணாடியைத் தேடுகிற வயசாளியின் சாதாரணக் குரலில். “இது எந்த வண்டி?”

இல்லாத வண்டியின் நம்பரை எப்படிச் சொல்வது?

“ஹாரன் நாப்பத்தொண்ணுதான். எனக்குத் தெரியும். இதுல எத்தனை பேரு வர்றாங்க? யாராச்சும் சொல்லுங்கய்யா. என் நோட்டுல எங்கயோ தப்பு இருக்கு.”

ஊர் முழுக்கத் திரும்பிப் பேச்சியைப் பார்த்தது. பரமானந்தம் மகாகோசத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார். சின்ன முதலாளி மாடிக் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து காதைக் கூர்மையாக்கினார்.

நோட்டு கையில் இருந்தது. எண் நாக்கில் இருந்தது. ஏழு வாதமும் வரிசையில் நின்றன. தப்பு இருக்கு என்று அவரே சொல்லிவிட்டார், அதைத்தானே கேட்டாள்? இத்தனை வருஷத்தில் எந்த வாத்தியார் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்? எண்ணைச் சொன்னால் இன்று சாயங்காலத்துக்குள் அவர் புதுக்கணக்குப் போட்டுவிடுவார், துல்லியமாகப் போடுவார், அதற்குப் பிறகு தப்பே வராது. அம்மா நாளைக்கு என்ன செய்வாள், செல்லக்கிளி எந்த முக்கில் திரும்புவாள், பேச்சி யாரோடு எப்போது சண்டைபோட்டு எப்போது அலுத்துத் திரும்பி வருவாள், எல்லாம் குழாயில் வரும், சின்ன முதலாளி மாடியில் நின்று கேட்டுக்கொள்வார்.

மூன்றாம் ஜன்னலில் குருவம்மா இவளைப் பார்க்கவில்லை. கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்லும்மா” என்றது குழாய். “நீ பேச்சிதானே? முன்வரிசையில உக்காந்து எழுதுவியே.”

“எழுதுனேன் அண்ணாச்சி” என்றாள் பேச்சி. நோட்டை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். “இங்க நின்னு சொன்னா வெறும் நம்பராத்தான் கேக்கும். வந்து வண்டியில ஏறிப் பாருங்க. இப்பக் கெளம்பிரும்.”

ஏறிக்கொண்டாள். குழாய் கரகரவென்று எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, டப்பென்று அணைந்தது. மேலே கண்ணாடிக் கூண்டின் கதவு திறந்து சாத்துகிற சத்தம் கேட்டது, பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம், நிதானமாக, ஒவ்வொரு படியாக. கூட்டம் யாரும் சொல்லாமலே வழிவிட்டது. செல்லக்கிளி கியரில் கை வைத்தபடி காத்திருந்தாள். வண்டியின் பின்படிக்கட்டு ஓர் ஆள் எடைக்கு அமுங்கி நிமிர்ந்தது.

“படியில நிக்காதீக அண்ணாச்சி, உள்ள தள்ளி வாங்க, எடம் கெடக்கு” என்றாள் குருவம்மா, பூவிலிருந்து கண்ணெடுக்காமல். ஓர் ஊசிக்கு இடமில்லாத அந்த வண்டிக்குள் எல்லோரும் ஆளுக்கு ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டார்கள்.